பார்பரா ஸ்ட்ரோஸி
பார்பரா ஸ்ட்ரோஸி (1619 – நவம்பர் 11, 1677) இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்த பாடகியும் இசையமைப்பாளரும் ஆவார். பரோக் காலத்தில், சோப்ரானோ எனப்படும் உச்சப் பெண்குரல் ஒன்று தனித்துப் பாடுவதற்கான கான்டாட்டா என்னும் இசைவடிவில் பல படைப்புகளை இயற்றியவர்.

வாழ்க்கை
கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோஸியின் வளர்ப்பு மகளான இவர், பிரான்செஸ்கோ கவாலியிடம் இசை பயின்றார். 1637-இல் ஜூலியோ நிறுவிய உனிசோனி கழகத்தின் கூட்டங்களில் பாடினார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். ஜூலியோ 1652-இல் காலமானார்.

படைப்புகள்
தேவாலயத்திலோ அரசவையிலோ நிலையான பதவி எதுவும் இவருக்கு அமையவில்லை. ஆயினும் 1644 முதல் 1664 வரையிலான காலத்தில் எட்டு இசைத் தொகுதிகளை வெளியிட்டார். இவற்றுள் நான்காவது கிடைக்கவில்லை. எஞ்சியவை அச்சேறியிருந்தமையால் இவரது பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன.