சான்றிதழ் இல்லாத மாணவர் கலாநிதியான கதை

டார்ம்ஸ்டாட் நகரின் நடுவே லீபிக்கின் பெயரைத் தாங்கிய இல்லம் ஒன்று உண்டு. அந்நகரில் வாழும் நம்மவர் பலர் அதன் வாசலைக் கடந்து சென்றிருப்பர். இரசாயன உரத்திற்கு வழி காட்டிய விஞ்ஞானி என்று பாடநூல்கள் அவரை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அவர் கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாறோ அதனினும் சுவையானது. அந்நிய மண்ணில் கல்வியைத் தொடர முயலும் நம் இளைஞருக்கு நெருக்கமானதுமாகும்.

யுஸ்டுஸ் லீபிக் 1803 மே 12 அன்று டார்ம்ஸ்டாட்டில் பிறந்தார். தந்தையார் வர்ணப்பூச்சுகளும் மருந்துச் சரக்குகளும் விற்ற சிறு வணிகர். கடையோடு சேர்ந்த பட்டறையில் அவற்றைத் தாமே தயாரித்தும் வந்தார். சிறுவனுக்குப் பள்ளிப் பாடங்களில் மனம் செல்லவில்லை. அரண்மனை நூலகத்தில் கிடைத்த இரசாயன நூல்களை இரவல் வாங்கிப் படித்து, அவற்றிற் கண்ட பரிசோதனைகளைப் பட்டறையில் செய்து பார்த்தான். பதினான்கு வயதளவில் சான்றிதழ் ஏதுமின்றிப் பள்ளியை விட்டு விலகினான். அடுத்து ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் மருந்தாளர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்று, சில மாதங்களிலேயே வீடு திரும்பினான். வெடிபொருள் வெடித்துக் கூரையைச் சிதைத்ததால் துரத்தப்பட்டான் என்பது பிரபலமான கதை. பயிற்சிக் கட்டணத்தைத் தந்தையாரால் செலுத்த முடியவில்லை என்பதே உண்மைக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இந்நிலையில் கைகொடுத்தவர் பொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்ட்னர். வணிகத் தொடர்பால் தந்தையாருக்கு அறிமுகமானவர். 1820இல் லீபிக் அவரிடம் மாணவரானார். மறு ஆண்டு அவர் எர்லாங்கன் பல்கலைக்கழகத்திற்கு மாறியபோது தாமும் உடன் சென்றார். அங்கே மாணவர் சங்கமொன்றில் சேர்ந்து, 1822இல் அதிகாரிகளுக்கு எதிரான கிளர்ச்சியில் பங்குகொண்டார். நடவடிக்கைக்கு அஞ்சி டார்ம்ஸ்டாட்டுக்குத் தப்பியோட நேர்ந்தது. பட்டமில்லை, படிப்பும் பாதியில் நின்றது. திரும்பிச் செல்லவும் வழியில்லை. அப்போது வயது பத்தொன்பது.

காஸ்ட்னர் தம் மாணவரைக் கைவிடவில்லை. ஹெசன் நாட்டின் பெருங்கோமகன் முதலாம் லுட்விக்கிடம் அவருக்காகப் பரிந்து பேசினார். கோமகனின் செயலாளர் ஷ்லையர்மாகரும் துணைநின்றார். அரச புலமைப்பரிசில் கிடைத்தது; 1822 இலையுதிர்காலத்தில் லீபிக் பாரிஸ் சென்றார். பவேரிய மண்ணில் கிளர்ச்சி செய்துவிட்டு ஓடிவந்த மாணவரை ஹெசன் அரசு தன் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது விந்தையே.

எர்லாங்கனில் கிட்டாத ஒன்று பாரிஸில் கிட்டியது. பொருட்களை அளந்து, நிறுத்து, பகுத்தறியும் முறையே அது. தெனார், கே-லுசாக் முதலியோரின் விரிவுரைகளை அங்கு கேட்டார். இதற்கிடையில் 1823 யூன் மாதம் எர்லாங்கன் பல்கலைக்கழகம் அவர் நேரில் இல்லாமலே கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. அதுவும் காஸ்ட்னரின் முயற்சிதான். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டாயத்திலிருந்து தம் மாணவருக்கு விலக்களிக்குமாறு அவர் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டார். இன்றைய பரீட்சைக் குழு எதுவும் இத்தகைய வேண்டுகோளைச் செவிமடுக்காது.

அதே ஆண்டு, வெடிக்கும் இயல்புடைய வெள்ளிச் சேர்மம் பற்றிய லீபிக்கின் ஆய்வு பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. அதனால் கவரப்பட்ட அறிஞர் ஹும்போல்ட், எந்த முன்னறிமுகமும் இல்லாத அவ்விளைஞரை கே-லுசாக்கிடம் ஒப்படைத்தார். கே-லுசாக் தமது சொந்த ஆய்வுகூடத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஹும்போல்டின் பரிந்துரையே 1824இல் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியையும் பெற்றுத் தந்தது. வயது இருபத்தொன்று! பல்கலைக்கழகத்தாரைக் கலந்தாலோசிக்காமல் கோமகன் செய்த நியமனம் என்பதால் அங்கிருந்தோர் முகஞ்சுளித்தனர்.

கிடைத்த ஆய்வுகூடமோ கைவிடப்பட்ட படைமுகாமின் காவற்கட்டடம். சம்பளம் சொற்பம், ஆய்வுச் செலவின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகள் தாமே சுமந்தார். ஆயினும் அங்கேதான் ஆய்வு மாணவரை வழிநடத்தும் புதிய முறை உருவாகியது. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி ஆய்வுப் பொருள். நாள்தோறும் காலையில் முந்தைய நாளின் வேலையை ஆசிரியரிடம் எடுத்துரைக்க வேண்டும். ஒருவர் கண்டறிந்ததை மற்றவரும் கேட்டுத் தெளிவர். 1831இல் அவர் வடிவமைத்த, ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட கருவி, முன்பு தேர்ந்த ஆய்வாளருக்கே இயன்ற காபன் அளவீட்டை மாணவருக்கும் எளிதாக்கியது. இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்கூட மாணவர் கீசனைத் தேடி வந்தனர். கட்டடக்கலை பயில 1847இல் வந்த கெக்குலே என்னும் இன்னொரு டார்ம்ஸ்டாட் இளைஞர், லீபிக்கின் விரிவுரைகளைக் கேட்டு இரசாயனத்திற்கு மாறினார். பென்சீனின் வளைய அமைப்பைப் பின்னாளில் கூறியவர் அவரே.

1840இல் வெளியான தமது புகழ்பெற்ற வேளாண் இரசாயன நூலை லீபிக் ஹும்போல்டுக்குக் காணிக்கையாக்கினார். காஸ்ட்னருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இரசாயனப் பகுப்பாய்வைக் கற்பிக்கத் தெரியாதவர் என்றே தம் நினைவுக் குறிப்புகளில் அவரைக் குறை கூறிச் சென்றார். குறை உண்மையாகவே இருக்கலாம். எனினும், பகுப்பாய்வு தெரிந்த பாரிஸுக்கு அவரை அனுப்பிவைத்தவரும் அந்தக் காஸ்ட்னர்தான். அதை லீபிக் சற்று அதிகமாகவே மறந்துவிட்டார்.

1852இல் மியூனிக் நகருக்குப் பெயர்ந்த லீபிக், 1873 ஏப்ரல் 18 அன்று அங்கே காலமானார். கீசன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய காவற்கட்டடம் 1920 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஹெசன் மாநிலத்தில் தஞ்சம் கோருவோரின் முதல் வரவேற்பு முகாம் அமைந்திருப்பதும் அதே நகரில்தான்.