பத்து மாத ராஜா



திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் வழியில் செஞ்சி. ஜன்னல் வழியா மலைக்கோட்டையைப் பார்த்திருப்போம். இறங்கிப் பார்த்தவர்கள் நம்மில் கொஞ்சம் பேர்தான். போன பொங்கல் லீவில் நண்பன் ஒருவனோடு நான் இறங்கினேன்.

கோட்டையில் செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை. ராஜா தேசிங்கின் உடலை எரித்த இடம் அதுதான் என்கிறார்கள். சிலை கிடையாது, மண்டபம் கிடையாது.

தேசிங்கு என்பது நம்ம ஜனங்கள் வாயில் புழங்கிய பெயர். சொந்தப் பெயர் தேஜ்சிங். புந்தேல்கண்டு ராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்கு அதிகாரியானவர். 1714-இல் தந்தை இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் விடவில்லை. பழைய பாதுஷா கொடுத்த உரிமை இனி செல்லாது, பல வருஷத்துக் கப்பப் பாக்கியையும் கட்ட வேண்டும் என்றார். தேசிங்கு மறுத்துவிட்டார்.

நவாப்பின் படையோ ஆயிரக்கணக்கில். இவரிடம் சில நூறு குதிரை வீரர்களே. கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1714 அக்டோபர் 3-இல் வெளியே போய் மோதினார். துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார். வயசு இருபத்திரண்டு! ஆண்டது சுமார் பத்து மாதம். இளம் மனைவியும் சிதையில் இறங்கினார். அந்த ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற பெயராம்.

கூடவே மடிந்தவர் உயிர்த்தோழர் முகமதுகான். கல்யாணக் கோலத்திலிருந்து அப்படியே போர்க்களத்துக்கு வந்தார் என்று கதைப்பாட்டு சொல்லும். எதிரியும் இஸ்லாமியர், தோழரும் இஸ்லாமியர். அது மதச் சண்டையே அல்ல.

பாக்கியைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாரே, வீம்பால் எத்தனை பேர் உயிர் போச்சு என்று நண்பன் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருக்குது.

ஆனால் ஒன்று. வடக்கேயிருந்து வந்த, பத்தே மாதம் ஆண்ட ஒருத்தரை நம்ம தெருக்கூத்து மறக்கவில்லை. 1960-இல் சினிமாவும் வந்தது. ஜெயித்த நவாப்பைப் பற்றி எந்தக் கூத்தும் நான் பார்த்ததில்லை. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் கூட வந்த ஒரு தோழன் இருந்தானே, அதைத்தான் ஜனங்கள் பாடுறாங்க என்று திரும்பி வரும்போது தோன்றியது.

2025-இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம்ம வயசுக்காரர் ஒருத்தர் அங்கே இருக்கிறார். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பாருங்கள், தோழர்களே. முடிந்தால் உங்கள் முகமதுகானையும் கூட்டிக்கிட்டுப் போங்கள்!