ஒரே கோடு, 12 பெயர்கள்: 1644-லேயே மன்னருக்கு 'சார்ட்' போட்டுக் காட்டிய வான் லாங்ரென்

ஆபீஸ் பிரசன்டேஷன் என்றால் பெரும்பாலும் ஒரு பார் சார்ட், இல்லையென்றால் பெரிய எழுத்தில் ஒரு சராசரி. எல்லா அளவுகளையும் ஒரே கோட்டில் புள்ளி புள்ளியாக வைக்கும் 'ஸ்ட்ரிப் சார்ட்' பக்கம் யாரும் அவ்வளவாகப் போவதில்லை. ஆனால், இதுவரை கிடைத்துள்ள புள்ளிவிவர சார்ட்களில் மிகப் பழையது இந்த வகைதான். வரைந்தவர் மைக்கேல் ஃப்ளோரென்ட் வான் லாங்ரென்.

யார் இவர்?

1598-ல் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவரும் ஆம்ஸ்டர்டாமில் பூகோள உருண்டை செய்து பேர் வாங்கியவர்கள். பிறகு அப்பா, அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த இன்றைய பெல்ஜியம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். லாங்ரென் பல்கலைக்கழகப் பக்கமே போனதில்லை. ஆனாலும், அந்தப் பகுதியை ஆண்ட இளவரசி இசபெல்லாவின் ஆதரவு கிடைத்தது. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் கணித வல்லுநராகவும் ஆனார்.

கடலில் என்ன சிக்கல்?

நடுக்கடலில் நிற்கும் கப்பல் வடக்கு, தெற்கில் எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு, மேற்குதான் தலைவலி. அதற்கு இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் என்றால் 15 டிகிரி. ஆனால் கப்பல் ஆட்டத்தில் சரியாக ஓடும் கடிகாரம் அன்று கிடையாது. விளைவு, பாறையில் மோதிய கப்பல்கள், போன உயிர்கள். விடை சொல்பவருக்கு ஸ்பெயின் பெரும் பரிசு அறிவித்திருந்தது. கலிலியோவே முயற்சி செய்து பார்த்தார்.

லாங்ரென் சந்திரனையே கடிகாரமாக்கப் பார்த்தார். நிலவின் மலை உச்சிகளில் வெயில் படுவதும் மறைவதும் பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில்தான் தெரியும். அந்தக் கணத்தில் அவரவர் ஊரில் மணி என்ன என்று ஒப்பிட்டால் போதும். ஐடியா நல்ல ஐடியா. ஆனால் செலவுக்குப் பணம் வேண்டுமே! ஆதரித்த இசபெல்லாவும் 1633-ல் இறந்துவிட்டார்.

அந்த ஒரு கோடு

பணம் கேட்க வேண்டுமென்றால், இருக்கும் கணக்குகள் எவ்வளவு மோசம் என்று முதலில் காட்ட வேண்டும். 1644-ல் வெளியிட்ட சிறு நூலில் லாங்ரென் ஒரு கோடு போட்டார். இடது முனையில் ஸ்பெயினின் டொலேடோ நகரம். அங்கிருந்து ரோம் எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்று டாலமி, மெர்கேட்டர், டைகோ பிராகி உள்ளிட்ட 12 பேர் சொன்னதை, அவரவர் அளவு விழும் இடத்தில் பெயரோடு குறித்தார். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க, செங்குத்தாக எழுதினார்.

அட்டவணையாகப் போட்டிருந்தால் மன்னர் புரட்டிவிட்டுப் போயிருப்பார். கோட்டில் பார்த்தால் கதையே வேறு. ஒருவர் 18 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சொல்கிறார், இன்னொருவர் 30-ஐத் தாண்டுகிறார். தரையில் அது சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம்!

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த 12-க்கும் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 24.5 டிகிரி வரும். கோட்டில் அந்த இடம் காலி, 21.5-க்கும் 25.4-க்கும் நடுவில் ஒரு பெயர்கூட இல்லை. ரோம் என்ற ஊர்ப்பெயரை லாங்ரென் எழுதியது அந்த இடைவெளியில்தான். சராசரி மட்டும் காட்டும் ஸ்லைடில் இந்த ஓட்டை தெரியவே தெரியாது.

உண்மையான விடை? சுமார் 16.5 டிகிரி. அதாவது 12 பேருமே கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதை சார்ட்டால் மட்டும் காட்ட முடியாது, சரியான அளவு தெரிந்தால்தான் தெரியும். அது லாங்ரெனுக்கும் தெரியாது.

பிறகு என்ன ஆனது?

தன் முறையை யாரும் திருடிவிடக் கூடாது என்று அதே நூலில் ரகசியக் குறியீட்டில் எழுதி வைத்தார். 1645-ல், 300-க்கும் மேற்பட்ட பெயர்களுடன் நிலவுக்கு ஒரு மேப் வெளியிட்டார். பெரிய சமவெளி ஒன்றுக்கு மன்னர் பிலிப்பின் பெயர் (ஸ்பான்சரை மறக்கவில்லை!). கடல் பிரச்சினை மட்டும் அவர் கையில் தீரவில்லை. 1675-ல் இறந்தார்.

மன்னரின் பெயர் நிலவில் நிலைக்கவில்லை. 1651-ல் ரிச்சியோலி வைத்த பெயர்களே பிறகு பெரும்பாலும் புழக்கத்துக்கு வந்தன. ஒரு பள்ளத்துக்கு லாங்ரென் தன் பெயரையே வைத்திருந்தார். 'லாங்ரெனஸ்' என்று அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.