வால்ட்டர் டாண்டி

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் செடேலியா நகரில், புகைவண்டி ஓட்டுநர் ஒருவரின் ஒரே மகனாக 1886-ஆம் ஆண்டு வால்ட்டர் டாண்டி பிறந்தார். பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1910-இல் பட்டம் பெற்று, அங்கேயே அறுவை மருத்துவரானார்.

அந்நாளில் எக்ஸ் கதிர்ப் படம் மண்டையோட்டைக் காட்டிற்றேயன்றி, உள்ளிருக்கும் மூளைக் கட்டியைக் காட்டவில்லை. கைகால் தளர்ச்சி, பார்வைக் குறைவு முதலிய குறிகளால் கட்டியின் இடத்தை ஊகித்தே மருத்துவர் மண்டையைத் திறந்தனர். ஊகம் தவறினால் நோயாளியின் நிலை என்னாவது!

குடலிலுள்ள காற்று படத்தில் தெளிவாகத் தோன்றுவதை அவருடைய ஆசிரியர் ஹால்ஸ்டெட் சுட்டிக் காட்டியிருந்தார். டாண்டி அதனைப் பற்றிக்கொண்டார். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அந்நீரைச் சிறிது சிறிதாக வாங்கி, ஈடாகக் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அறைகள் புலப்பட்டன! கட்டியிருப்பின் அறை நசுங்கியோ விலகியோ காணப்படும். இம்முறையை அவர் 1918-இல் வெளியிட்டார்.

மண்டையில் துளையிட வேண்டியிருந்தமையால் இது எளிய சோதனையன்று. இதனால் உயிரிழந்தோரும் உளர். எனினும், டாண்டி 1946-இல் மறைந்த பின்னும் மருத்துவர் இதனைக் கைவிடவில்லை. 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி, துளையிடாமலே மூளையைக் காட்டிற்று. கருவிலேயே தோலின் கூறு உட்புகுந்து வளரும் டெர்மாய்டு கட்டியின் கொழுப்பு, அப்படத்தில் நீரினும் கரியதாய்த் தோன்றும். டாண்டியின் படம் கட்டியின் இடத்தைச் சொல்லிற்று. இப்படம் அதன் இயல்பையும் சொல்கின்றது.