வ்யாக்யான சக்ரவர்த்தி பெரியவாச்சான் பிள்ளை

காவிரி பாயும் தஞ்சை நாட்டில், திருவெள்ளியங்குடி திவ்யதேசத்தை அடுத்த சேங்கனூரில், ஆவணி ரோஹிணியில் அவதரித்தவர் பெரியவாச்சான் பிள்ளை. கண்ணனின் திருநக்ஷத்ரம், திருநாமமும் க்ருஷ்ணன். திருவரங்கத்தில் நம்பிள்ளையின் திருவடிகளில் அர்த்தங்களைக் கேட்டு, அவர் நியமனப்படி திருவாய்மொழிக்கு 24,000 படி அருளிச்செய்தார். நாலாயிரத்துக்கும் உரையிட்ட பெருமை இவருடையது.

பாசுரம் சொல்லாமல் விட்டதையும் இவர் திருச்செவி கேட்டது. திருப்பாவையில் 6 முதல் 14 வரையுள்ள பாசுரங்களில் வாசலில் நிற்கும் பெண்களே பேசுகிறார்கள்; உள்ளே உறங்குபவளின் பேச்சு பாட்டில் இல்லை. 6ஆம் பாசுரத்தில் வெளியிலுள்ளார் பறவைகளின் ஒலியைச் சொல்கிறார்கள். கேளாத ஒன்றுக்கு விடை சொல்வார் உண்டோ? ஆகவே, விடிந்தமைக்கு அடையாளம் என்ன என்று உள்ளிருப்பவள் கேட்டாள் என்று தம் மூவாயிரப்படியில் கொள்கிறார். 15ஆம் பாசுரத்தில் ஆண்டாளே இருபக்கத்துப் பேச்சையும் வைத்தருளியது இந்த ஊகத்துக்கு வலிமை சேர்க்கிறது.

நாம் விரும்பும் கருத்தைப் பாசுரத்தின்மேல் ஏற்றி, அதையே உட்பொருள் என்பது எளிது. அது ஆழ்வார்கள் திருவுள்ளமாகாது. பாட்டில் உள்ள சொல்லைப் பற்றிக்கொண்டே இல்லாத சொல்லை அறியவேண்டும். இவ்வழியை நமக்குக் காட்டிய பெருந்தகை இவர்.

பெரியவாச்சான் பிள்ளை திருவடிகளே சரணம்.