கந்தையில் கண்ட கலை
(குருசதய் தத்தர் வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

உடுத்திக் கிழிந்த பழந்துணியைத் தமிழில் கந்தை என்கிறோம். நாம் வாழும் வங்கத்திலோ, அச்சொல்லோடு உறவுடைய காந்தா என்னும் சொல் காண்போர் வியக்கும் கலைப்பொருளைக் குறிக்கிறது. பழந்துணி கலைப்பொருள் ஆவது எவ்வாறு? அக்கலையின் அருமையை உணர்ந்து காத்தவர் யார்? இப்பாடத்தில் அறிவோம்.

காந்தா என்னும் கலை

மார்கழித் திங்களில் சாந்த்ராகாச்சி ஏரியில் தொலைநாட்டுப் பறவைகள் வந்திறங்கும். அப்பொழுது இவ்வூர் இல்லங்களில் பெட்டிக்குள் இருந்த போர்வைகளும் வெளியே வரும். அவற்றுள் பாட்டி தைத்த காந்தா ஒன்றேனும் இருக்கும் இல்லங்கள் பல.

நம் வீடுகளில் பழைய நூற்புடவை குழந்தைக்குத் தூளியாவது போல, வங்க நாட்டில் அது காந்தாவாக மாறுகிறது. மென்மையான பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரிப்பர். ஓரங்களைத் தைத்து இணைப்பர். பின்னர் ஊசியை மேலும் கீழுமாக ஓடவிடும் எளிய ஓட்டுத் தையலால் துணிப்பரப்பு முழுவதையும் நிரப்புவர். தையலுக்குரிய சிவப்பு, நீலம், கருப்பு நூல்களும் விலைக்கு வாங்கியவை அல்ல. புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவப்பட்டவை.

நடுவில் தாமரை மலரும். நான்கு மூலைகளில் மரங்கள் கிளைக்கும். இடையில் யானை, குதிரை, மீன், தேர், படகு எனக் கண்ணால் கண்டவையும் கதையில் கேட்டவையும் இடம்பெறும். குளிர்காலப் போர்வைக்கு லேப் என்றும், விழாக்கால விரிப்புக்குச் சுஜனி என்றும், கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் துணிக்கு ஆர்ஷிலதா என்றும் பெயர்.

இவற்றைத் தைத்தவர்கள் சிற்றூர்ப் பெண்கள். வீட்டுவேலை முடிந்த நண்பகல் பொழுதுகளில், பிறக்கப்போகும் குழந்தைக்காகவும் மணமாகிச் செல்லும் மகளுக்காகவும் தைத்தார்கள். விற்பதற்காக அன்று, அன்பின் அடையாளமாகக் கொடுப்பதற்காகவே தைத்தார்கள். ஆதலால் அவர்களைக் கலைஞர் என்று எவரும் கருதவில்லை. காந்தாக்கள் பயன்பட்டு நைந்து மறைந்தன. அவற்றைத் தைத்தவர்களின் பெயர்களும் உடன் மறைந்தன.

இளமையும் கல்வியும்

இக்கலையை உற்று நோக்கியவர்களுள் முதன்மையானவர் குருசதய் தத்தர். இவர் 1882ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் பகுதியின் பீரஸ்ரீ என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தபோதிலும் கல்வியில் சிறந்து விளங்கினார். கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபின், உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்றார். ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றி பெற்று, 1905ஆம் ஆண்டு ஆட்சிப்பணியில் சேர்ந்தார்.

துணைவியார் காட்டிய வழி

இவருடைய துணைவியார் சரோஜ் நளினி. அக்கால வங்கத்தில் பெண்கள் பலர் வீட்டைவிட்டு வெளிவருவதே அரிது. அந்நிலையில், கணவர் பணியாற்றிய பாப்னா என்னும் ஊரில் 1913ஆம் ஆண்டு இவர் மகளிர் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் ஒன்றுகூடவும், உடல்நலம் பேணும் முறையை அறியவும், கைத்தொழில் பழகவும் அது வழி செய்தது. அடுத்தடுத்துப் பணிமாற்றம் பெற்ற ஊர்களிலும் அவ்வாறே மன்றங்களை அமைத்தார்.

1925ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 37 வயதில், சரோஜ் நளினி காலமானார். பேரிழப்பால் துயருற்ற தத்தர் அத்துயரிலேயே தங்கிவிடவில்லை. துணைவியாரின் பணி தொடர வேண்டும் என்று கருதி, அவ்வாண்டே அவர் பெயரால் நினைவுச் சங்கம் ஒன்றை நிறுவினார். பெண்களுக்குத் தையல் முதலிய தொழில்களைக் கற்பித்த அச்சங்கத்தின் கிளைகள் வங்கச் சிற்றூர்களில் பரவின. பெண்களின் கைத்திறனை மதிக்கும் பண்பு தத்தரின் உள்ளத்தில் இவ்வாறு வேரூன்றியது.

ஹவுராவில் காட்டிய நேர்மை

சாந்த்ராகாச்சி அமைந்துள்ள ஹவுரா மாவட்டத்தின் ஆட்சித் தலைவராகவும் தத்தர் பணியாற்றினார். 1928ஆம் ஆண்டு லிலுவா இரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் போராடியபோது, பாமன்காச்சி என்னுமிடத்தில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். அச்செயல் முறையற்றது என்று தத்தர் அஞ்சாது எழுதினார். ஆங்கில அரசின் ஊழியர் ஒருவர் அவ்வரசின் காவலரையே குறை கூறியதை மேலிடம் விரும்பவில்லை. அவர் தொலைவிலுள்ள மைமன்சிங் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார்.

தண்டனையாக வந்த அம்மாற்றமே அவர் வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. அங்கு உழவர்களின் ஆடலையும் பாடலையும் கண்டு மகிழ்ந்த தத்தர், 1929ஆம் ஆண்டு நாட்டுப்புற ஆடல் பாடலுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார். பின்னர்ப் பீர்பூம் மாவட்டத்தில் பணியாற்றியபோது, மறைந்துகொண்டிருந்த ராய்பேஞ்சே என்னும் வீர நடனத்துக்கு மீண்டும் உயிரூட்டினார்.

தேடிச் சேர்த்த செல்வம்

ஆட்சிப்பணிக்காகச் சிற்றூர்களுக்குச் செல்லும்போதெல்லாம் அவருடைய கண்கள் கலைப்பொருள்களைத் தேடின. சுடுமண் சிற்பங்கள், மரப் பொம்மைகள், கதை சொல்லும் படச்சுருள்கள் ஆகியவற்றோடு காந்தாக்களையும் அவர் திரட்டினார். ஜெசூர், குல்னா, பரித்பூர் முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 200 காந்தாக்கள் இவ்வாறு காக்கப்பட்டன.

அவற்றுள் குறிப்பிடத்தக்கது மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்தது. ஆங்கில அதிகாரிகளையும் படைவீரர்களையும் ஊசிமுனையால் வரைந்த அவர், தம் பெயரையும் அதிலேயே தைத்து வைத்தார். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெண்களுக்கிடையே அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

1932ஆம் ஆண்டு தத்தர் தம் தொகுப்பைக் கொல்கத்தாவில் காட்சிக்கு வைத்தார். ஓவியக் கல்லூரியில் பயிலாத பெண்களின் கைவண்ணத்தை நகரத்தார் கலை என்ற நிலையில் வைத்துக் காண அது வாய்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அவர் விரதசாரி இயக்கத்தையும் தொடங்கினார். அறிவு, உழைப்பு, வாய்மை, ஒற்றுமை, மகிழ்ச்சி ஆகிய ஐந்தும் அவ்வியக்கத்தினர் ஏற்ற உறுதிமொழிகள்.

நிலைத்த நினைவு

1940ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்ற தத்தர், கொல்கத்தாவின் தென்பகுதியில் தாகுர்புக்கூர் அருகே விரதசாரி கிராமத்தை அமைக்க முற்பட்டார். அப்பணி முழுமை பெறுமுன்னரே, 1941ஆம் ஆண்டு சூன் மாதம் 25ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் சேர்த்த பொருள்களைக் கொண்டு அவ்விடத்திலேயே எழுந்த குருசதய் அருங்காட்சியகம் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

இன்று உலகின் பல நாடுகளில் ஓவியர்கள் துணிகளை அடுக்கித் தைத்து, சுவரில் மாட்டும் கலைப்படைப்புகளாக ஆக்குகின்றனர். வங்கத்து நக்ஷி காந்தா 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்று, பெண்கள் பலருக்கு வாழ்வாதாரமாகவும் விளங்குகிறது. ஆயினும், தத்தர் தேடிச் சேர்த்த பழங்காந்தாக்களில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்பது இன்றும் தெரியாது. நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கையால் தைத்த பழம்போர்வை ஒன்று இருந்தால், அதைத் தைத்தவர் பெயரைக் கேட்டு எழுதிவைப்போம். தத்தர் தொடங்கிய பணியில் நாமும் பங்குகொள்ள அதுவே எளிய வழி.

அருஞ்சொற்பொருள்

இழை – நூலின் ஒரு புரி
கரை – புடவையின் ஓரம்
நைந்து – தேய்ந்து, நலிந்து
பணிமனை – தொழிற்கூடம்
வாய்மை – உண்மை

பயிற்சி

1. காந்தா தைக்கும் முறையை உம் சொற்களில் விளக்குக.
2. ஹவுரா மாவட்டத்தில் தத்தர் காட்டிய நேர்மை அவர் வாழ்வை எவ்வாறு மாற்றியது?
3. மானதாசுந்தரியின் பெயர் நிலைத்திருக்கக் காரணம் யாது?
4. பிரித்து எழுதுக: பழந்துணி, கைத்திறன், பேரிழப்பு.
5. உம் இல்லத்தில் உள்ள பழைய துணிப்பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.