இரண்டு வாள், ஒரே உயிர்



பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை ஓரமாக வைத்துவிட்டு, வீடியோ கேமில் வாள் சுழற்றும் ஜப்பானிய வீரனாக மாறிவிடுபவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இரட்டை வாள் வீரன் என்றதும் ஜப்பானியர்களுக்கு நினைவு வரும் பெயர் மியாமோட்டோ முசாஷி. கதை, திரைப்படம், படக்கதை எல்லாவற்றிலும் அவர் உண்டு. 1998-ல் வெளிவந்த ‘பிரேவ் ஃபென்சர் முசாஷி’ என்ற வீடியோ கேமின் நாயகனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால், முசாஷி கற்பனைப் பாத்திரம் அல்ல. உண்மையாகவே வாழ்ந்த மனிதர். அவர் கதையைத்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

முசாஷி 1584-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார். தற்காப்புக் கலையில் தேர்ந்த முனிசாய் என்பவரின் வீட்டில் வளர்ந்தார். அப்போது ஜப்பானில் சிற்றரசர்கள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். 1603-ல் டோக்குகாவா ஆட்சி ஏற்பட்ட பிறகு போர்கள் குறைந்தன. தலைவன் இல்லாத சாமுராய் வீரர்கள் பலர் ஊர் ஊராகத் திரிந்தார்கள். அவர்களுக்கு ‘ரோனின்’ என்று பெயர். வாள் திறமையைக் காட்டிப் பெயர் வாங்கினால்தான் அவர்களுக்கு வேலை கிடைக்கும்.

முசாஷி தன் முதல் போட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது 13. ஆமாம், உங்களில் சிலருடைய வயதுதான்! எதிரே நின்றவர் அரிமா கிஹேய் என்ற வாள்வீரர். வென்றவர் முசாஷி. 21-ஆம் வயதில் தலைநகரமான கியோட்டோவுக்குப் போய், அங்கிருந்த பெயர்பெற்ற வீரர்களையும் வென்றார். 29 வயதுக்குள் 60-க்கும் மேற்பட்ட போட்டிகள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இவற்றில் எல்லோரும் பேசும் போட்டி 1612-ல் நடந்தது. எதிரி சசாகி கோஜிரோ. இடம், கடலுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு. கோஜிரோவின் கையில் ஏறக்குறைய மூன்று அடி நீளமுள்ள வாள். முசாஷியின் கையில் என்ன இருந்தது தெரியுமா? வெறும் மரவாள்! ஆனாலும் முசாஷியே வென்றார். கோஜிரோ இறந்துபோனார்.

முசாஷி வேண்டுமென்றே தாமதமாக வந்தார், படகுத் துடுப்பைச் செதுக்கி வாளாக்கினார் என்றெல்லாம் கதைகள் உண்டு. ஆனால், அவருடைய வளர்ப்பு மகன் இயோரி 1654-ல் நிறுவிய கல்வெட்டு, இருவரும் ஒரே நேரத்தில் வந்ததாகச் சொல்கிறது. நாள் ஆக ஆகக் கதைக்குக் கைகால் முளைக்கும் அல்லவா?

இனிமேல்தான் முக்கியமான கட்டம். முப்பது வயதைத் தாண்டியதும் முசாஷி தன் வெற்றிகளைத் திரும்பிப் பார்த்தார். மார்தட்டிக்கொள்ளவில்லை. நான் ஏன் வென்றேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உண்மையிலேயே கலையை முழுதாகக் கற்றுவிட்டேனா? இயற்கையாக அமைந்த திறமையா? அல்லது எதிரிகளின் பயிற்சிதான் சரியில்லையா? தோற்றவன் இப்படி யோசிப்பது வழக்கம். வென்றவன் யோசிப்பது அபூர்வம். விடை தேடி இரவும் பகலும் பயின்றார். தெளிவு கிடைத்தபோது அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது.

அவர் உருவாக்கிய முறைதான் இரட்டை வாள் முறை. சாமுராய்கள் இடுப்பில் எப்போதும் இரண்டு வாள் வைத்திருப்பார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆனால், சண்டையில் நீண்ட வாளை இரு கைகளாலும் பிடித்து ஒன்றைத்தான் பயன்படுத்துவார்கள். இருப்பதை உறையிலேயே விட்டுவிட்டு ஏன் சாக வேண்டும் என்பது முசாஷியின் எண்ணம். ஒற்றைக் கையில் வாள் முதலில் கனக்கும், பழகப் பழகச் சரியாகும் என்றார். நம் சிலம்பத்தில் இரட்டைக் கம்பு சுழற்றக் கற்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

தோல்வியே காணாத அவருக்கும் அடி பட்டது. 1638-ல் ஷிமபாரா கோட்டை முற்றுகையில், உள்ளே இருந்தவர்கள் எறிந்த கல் அவர் காலைப் பதம் பார்த்தது. அறுபது வாள்களுக்குத் தப்பியவர் ஒரு கல்லுக்குத் தப்பவில்லை!

முசாஷி நல்ல ஓவியரும்கூட. பட்டுப்போன மரக்கிளையின் உச்சியில் ஒரு கீச்சான் பறவை. அதே கிளையில் ஊர்ந்து ஏறும் ஒரு சிறு புழு. கறுப்பு மையில், சில கோடுகளிலேயே அவர் வரைந்த இந்த ஓவியம் இன்றும் ஜப்பானில் பாதுகாக்கப்படுகிறது.

கடைசிக் காலத்தை குமாமோட்டோ நகரில் கழித்தார். 1643-ல் அருகிலிருந்த ரெய்காண்டோ என்ற குகைக்குப் போய், தான் கற்றதையெல்லாம் எழுதத் தொடங்கினார். அதுதான் ‘ஐந்து வளையங்களின் நூல்’. அதன் ஐந்து பகுதிகள் நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. நம் ஐம்பூதங்களேதான்!

வாளைப் பற்றிய அந்த நூலில் தச்சரும் வருகிறார். நல்ல தச்சர் எந்த மரத்தையும் வீணாக்க மாட்டார். கோணல் இல்லாத, அழகான மரம் வாசல் தூணுக்கு. கணு இருந்தாலும் உறுதியான மரம் உள்தூணுக்கு. வலுவில்லாத மரம்கூடச் சாரம் கட்ட உதவும். தலைவனும் தன் ஆட்களை இப்படித்தான் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்கிறார் முசாஷி. உங்கள் வகுப்புத் தலைவருக்கும் இது பொருந்தும்.

நூலைச் சீடரிடம் ஒப்படைத்த சில நாட்களில், 1645-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று முசாஷி காலமானார். பிரான்சுவா மார்ட்டின் நம் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகத் தலத்தை அமைத்தது 1674-ல். அதற்கு 29 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

செல்வங்களே, விளையாட்டில் தோற்றால் பட்டனைத் தட்டி மறுபடியும் தொடங்கலாம். முசாஷிக்கும் அவரோடு மோதியவர்களுக்கும் இருந்தது ஒரே உயிர். கோஜிரோவுக்கு மறு ஆட்டம் கிடைக்கவில்லை. அடுத்த முறை திரையில் நீங்கள் வென்றதும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நான் ஏன் வென்றேன் என்று முசாஷியைப் போல உங்களையே கேட்டுப் பாருங்கள். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கும்போதும் அதே கேள்வி உதவும்.